அசையாத மேசை

வீட்டில் படிப்பதற்கு மேசை இருக்கிறது. உண்பதற்கு மேசை இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியை வைப்பதற்கும் ஒரு மேசை இருக்கிறது. ஒரு பலகையை அறுப்பதற்கோ இழைப்பதற்கோ மேசை இல்லை. அலமாரித் தட்டு ஒன்று உடைந்துவிட்டால், புதுப்பலகையை நாற்காலியின்மீது வைத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு அறுக்கிறார்கள். நாற்காலி ஆடுகிறது; வாள் விலகுகிறது; வெட்டு கோணலாகிறது. “எனக்குக் கைவேலை வராது” என்ற முடிவுக்கு அம்மனிதர் வந்துவிடுகிறார். கை குற்றவாளியாகிறது, ஆடிய நாற்காலி தப்பித்துக்கொள்கிறது.

இத்தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது. வெட்டு கோணலானதற்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். கருவி மழுங்கியிருக்கலாம், கை பழகாமல் இருக்கலாம், மரம் அசைந்திருக்கலாம். மரம் அசைந்துகொண்டிருக்கும்வரை, பிழை எங்கிருந்து வந்தது என்பதை எவராலும் அறிய முடியாது. எதைத் திருத்துவது என்று தெரியாதபோது பயிற்சியும் பயன் தராது. ஆகவே, தச்சு கற்க விரும்பும் ஒருவர் முதலில் பெற வேண்டியது அசையாத ஒரு மேசை. விலையுயர்ந்த உளியும் மின்வாளும் பிறகு வரலாம். அந்த மேசையையும் அவரே செய்துகொள்வது நல்லது.

பிடித்துக்கொள்ளும் கை

பெயரில் மேசை என்றிருந்தாலும் தச்சுமேசை மற்ற மேசைகளின் இனத்தைச் சேர்ந்ததன்று. உணவு மேசையின் கடமை தாங்குவது. அதன்மேல் இறங்கும் விசை கீழ்நோக்கியது. நான்கு மெல்லிய கால்களே அதற்குப் போதும். தச்சுமேசையின் கடமை பிடித்துக்கொள்வது. இழைப்புளி பலகையை முன்னோக்கித் தள்ளுகிறது. வாள் முன்னும் பின்னும் உலுக்குகிறது. கொட்டாப்புளி உளியின் தலையில் இறங்கும்போது மேற்பலகை முழுவதும் அதிர்கிறது. வேலை செய்பவரின் இரு கைகளும் கருவியைப் பற்றியிருக்க, மரத்தைப் பற்றுவதற்கு மூன்றாவது கை வேண்டும். அந்த வேலையைத்தான் தச்சுமேசை செய்கிறது.

இத்தேவையை மனிதர் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். ஜெர்மனியில் சால்பர்க் என்னுமிடத்தில் இருந்த உரோமானியக் கோட்டையின் கிணற்றிலிருந்து தச்சுமேசைகள் கிடைத்துள்ளன. அவை கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தாழ்வான நீண்ட தடித்த கட்டை, அதன் அடியில் சாய்வாகச் செருகிய கால்கள், இவ்வளவுதான் அவற்றின் அமைப்பு. அழகுக்காக ஒன்றுமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத் தச்சர் ஆந்திரே ஜாக்கப் ரூபோ, தம் தொழில் பற்றிப் பல பகுதிகளாக எழுதிய பெருநூலில் தச்சுமேசையை விரிவாக விளக்கியிருக்கிறார். மேற்பலகை ஐந்து முதல் ஆறு அங்குலத் தடிமன் கொண்டது. கால்களின் மேல்முனைகள் அதனை ஊடுருவிப் பொருந்துகின்றன. அவ்வகை மேசை இன்றும் உலகின் பல பகுதிகளில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

காலால் பிடித்த மரபு

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அது எளிதில் தள்ளிவிடக்கூடிய மறுப்பும் அன்று. கோயில் தேர்களும், செட்டிநாட்டு நிலைக்கதவுகளும், மாட்டுவண்டிச் சக்கரங்களும் இத்தகைய மேசை இன்றியே உருவாயின. தமிழகத்துத் தச்சர் தரையில் அமர்ந்தார். பலகையின் ஒரு முனையைச் சுவரிலோ நட்டுவைத்த கட்டையிலோ முட்டவைத்தார். மறுமுனையை உள்ளங்காலாலும் காற்பெருவிரலாலும் அழுத்திப் பிடித்தார். உளி நகர நகரக் காலும் நகர்ந்தது. பலகையைத் திருப்ப வேண்டுமானால் ஒரு நொடியில் திருப்பினார். இறுக்கிய திருகைத் தளர்த்தி, மீண்டும் இறுக்கும் தொல்லை அவருக்கு இல்லை. இவ்வளவு நுட்பமாகக் கால் செய்த வேலைக்கு எண்பது கிலோ மரத்தைச் செலவிட வேண்டுமா?

கால் செய்ததை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கால் எப்படி உருவாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்து வயது முதல் பட்டறையில் அமர்ந்து, மரச்சீவல்களுக்கிடையே வளர்ந்த உடல் அது. மழலையர் வகுப்பிலிருந்து நாற்காலியிலேயே அமர்ந்து பழகிய பதினேழு வயது மாணவரால் கால்மணி நேரம் குந்தியிருப்பதே அரிது. பழகாத காலை உளியின் பாதையில் வைப்பது ஆபத்தும் ஆகும். மேலும், தரையில் வேலை செய்தவர் மேசையே இல்லாமல் வேலை செய்தார் என்பது பாதி உண்மைதான். தரையைவிடக் கனமான மேசை எது? அசையாத ஒன்றின்மேல் மரத்தை நிறுத்த வேண்டும் என்ற விதியை அவர் மீறவில்லை. மிக முழுமையாகப் பின்பற்றினார். அந்தக் கால் அறிந்திருந்ததை, கால் பழகாதவருக்காக மரத்தில் செய்துவைப்பதே தச்சுமேசை.

யாருடைய வேலை?

இன்னொரு மறுப்பு உண்டு. தச்சரை அழைத்தால் அரை நாளில் முடியும் வேலைக்கு, வீட்டில் ஒரு பட்டறை எதற்கு? தச்சரின் கூலியில் கை வைப்பதாகாதா?

வீட்டில் மேசை வைத்திருப்பவர் நிலைக்கதவு செய்யப்போவதில்லை. அதற்குத் தச்சரே வருவார். ஆனால் ஒரே ஒரு துளையை நான்கு முறை முயன்று செதுக்கிப் பார்த்தவர், அந்தத் தச்சரிடம் கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச மாட்டார். வேலையின் விலை எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

இம்மறுப்புக்கு அடியில், வெளியே சொல்லப்படாத வேறொரு எண்ணமும் கிடக்கிறது. உளி பிடிப்பது உளி பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவரின் வேலை என்பதே அது. 1953இல் அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றொரு திட்டம் கொண்டுவரப்பட்டது. அதனை எதிர்த்தவர்கள் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தனர். அது தச்சர் மகனைத் தச்சராகவும் குயவர் மகனைக் குயவராகவும் நிறுத்திவைக்கும் என்ற எதிர்ப்பு மாநிலமெங்கும் வலுத்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரான பின் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஒருவரின் தொழிலைப் பிறப்பு தீர்மானிக்கக் கூடாது. ஆனால் அதே நியாயத்துக்கு மறுபாதி ஒன்று உண்டு. தச்சு எவருக்கும் பிறப்பால் உரியதன்று என்றால், அதனைக் கற்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. முதற்பாதியை உரக்கச் சொன்ன அளவுக்கு மறுபாதி சொல்லப்படவில்லை. அதனால் கைவேலை என்றாலே, படிக்க முடியாதவர்க்கு உரியது என்ற பழைய எண்ணம் படித்தவர் வீடுகளில் அப்படியே தங்கிவிட்டது.

பின்லாந்து வேறு வழியில் சென்றது. 1866இல் அங்கே மக்கள் பள்ளிகளுக்கான சட்டம் வந்தபோது, ஊர்ப்புறப் பள்ளிகளில் சிறுவர்க்குக் கைவினை கட்டாயப் பாடமாயிற்று. அதற்கு வித்திட்ட ஊனோ சிக்னேயஸ் என்னும் கல்வியாளரின் நோக்கம் தச்சர்களை உருவாக்குவதாக இருக்கவில்லை; கணக்கும் மொழியும் போலக் கையும் கண்ணும் பயிற்சி பெற வேண்டும் என்பதே. பக்கத்து நாடான சுவீடனில் ஓட்டோ சாலமன் என்பவர் நேஸ் என்னும் இடத்தில் இதற்கென ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை நடத்தினார். பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அங்கே வந்து பயின்றனர். அவர்களுள் பெண்களும் இருந்தனர் என்பதைச் சொல்லாமல் விட முடியாது; மரவேலை ஆண்களுக்கு, தையல் பெண்களுக்கு என்று பிரித்து வைப்பதும் குலத்தால் பிரிப்பதற்கு ஒப்பான தவறே.

எடையும் வடிவமும்

இனி மேசைக்கு வருவது தகும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் படிப்பவருக்கு இதில் தெரியாத விதி ஒன்றும் இல்லை.

மேற்பலகை 180 செ.மீ. நீளம், 55 செ.மீ. அகலம், 8 செ.மீ. தடிமன் எனக் கொள்க. கால்கள் நான்கும் 10 செ.மீ. சதுரக் கட்டைகள், உயரம் 70 செ.மீ. கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் 10 செ.மீ. அகலமும் 5 செ.மீ. தடிமனும் உடையவை, நீளவாக்கில் இரண்டு, அகலவாக்கில் இரண்டு. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் மரத்தின் கன அளவு ஏறத்தாழ 0.126 கன மீட்டர் வரும். மரக்கடைக் கணக்கில் நாலரைக் கன அடி. ஒரு கன மீட்டர் தேக்கு ஏறத்தாழ 650 கிலோ இருக்கும். ஆகவே மேசையின் எடை 82 கிலோ.

இம்மேசைக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.4 என்று வைத்துக்கொண்டால், அதனைத் தரையில் நகர்த்த 33 கிலோ எடைக்கு நிகரான கிடைவிசை வேண்டும். இழைப்புளியைத் தள்ளும் மனிதர் பொதுவாக அவ்வளவு விசை தருவதில்லை. கடையில் விற்கும் மடக்குக் கால் மேசைகளில் 25 கிலோ எடையுள்ள ஒன்றை எடுத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டால் 10 கிலோ என்று வருகிறது. சற்று அழுத்தி இழைத்தாலே அம்மேசை நடக்கத் தொடங்கிவிடும். அதனைப் பிடித்துக்கொள்ள இன்னொருவரை அழைக்க வேண்டும்.

அகலவாக்கில் கணக்கு சற்று மாறுகிறது. 78 செ.மீ. உயரத்தில், மேசையின் குறுக்கே தள்ளினால், ஏறத்தாழ 29 கிலோ விசையிலேயே அது கவிழ முற்படும். நகர்வதற்கு முன்பே ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அதனால்தான் இழைக்கும் வேலையை எப்போதும் மேசையின் நீளவாக்கில் செய்வதும், மேசையின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுவதும் வழக்கமாயின. வழக்கம் கணக்கை எழுதிப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டது.

எடை மட்டும் போதாது. கனமான மேசையும் ஆடும். நான்கு குச்சிகளை முனைகளில் ஆணியால் இணைத்த செவ்வகத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் அது சாய்ந்த இணைகரமாகிவிடும். பக்கங்களின் நீளம் ஒன்றும் மாறாமலே வடிவம் மாறிவிடுகிறது. முக்கோணத்தில் இது நிகழாது. எனவே ஆட்டத்தை நிறுத்த இரண்டு வழிகள் உள்ளன. மூலைவிட்டமாக ஒரு சட்டத்தை அறைந்து செவ்வகத்தை முக்கோணங்களாக்குவது ஒன்று. குறுக்குச் சட்டத்தை அகலமாக வைத்து, காலோடு அது சேரும் பொருத்தை அசைய முடியாதபடி இறுக்குவது மற்றொன்று. முதல் வழி எளிது. ஆனால் மூலைச்சட்டம் மேசைக்கு அடியில் பொருள் வைப்பதைத் தடுக்கும். இரண்டாம் வழியே சிறந்தது. 5 செ.மீ. அகலச் சட்டத்துக்குப் பதிலாக 10 செ.மீ. அகலச் சட்டம் வைத்தால், காலில் அது ஊன்றி நிற்கும் தோள் இரு மடங்காகிறது. சாய்க்க முயலும் விசையை எதிர்க்கும் நெம்புதூரமும் கூடுகிறது. மேசை ஆடுவதாகச் சொல்பவர்களில் பலர் கால்களைத் தடிமனாக்குகிறார்கள். குறை கால்களில் இல்லை, சட்டங்களில் இருக்கிறது.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால், மணிக்கட்டுக்கும் விரல் முட்டிகளுக்கும் இடையே மேற்பலகை வர வேண்டும். அப்போதுதான் இழைக்கும்போது தோளின் விசையோடு உடலின் எடையும் துணைவரும். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 75 முதல் 80 செ.மீ. வரை பொருந்தும். புத்தகத்தில் உள்ள அளவைவிட வேலை செய்பவரின் உடலே நம்பத் தக்கது.

மரமும் ஈரமும்

தேக்கைக் கணக்குக்காக எடுத்துக்கொண்டது, அதுவே வேண்டும் என்பதற்காக அன்று. தேக்கில் தச்சுமேசை செய்வது வீண்பெருமை. வேம்பு, வாகை, புளி, கருவேலம் போன்ற நாட்டு மரங்கள் போதும். கருவேலம் தேக்கைவிடக் கனமானதும் ஆகும். பார்க்க வேண்டியவை இரண்டு: கட்டை வைரம் பாய்ந்ததா, காய்ந்ததா என்பவை. வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதியை வண்டும் கரையானும் விரைவில் தின்னும். பச்சை மரமோ, மேசையாகிய பின் காய்ந்து முறுக்கிக்கொள்ளும்.

இவ்விரண்டுக்கும் பழைய வீட்டு உத்திரங்கள் நல்ல விடை. வீடு இடிக்கும்போது கழற்றி விற்கப்படும் உத்திரமும் சட்டமும் பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்தவை. முறுக்கவேண்டியதெல்லாம் எப்போதோ முறுக்கி முடித்தவை. அவற்றில் மறைந்திருக்கும் ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிய பிறகே வாளை வைக்க வேண்டும். ஒரே ஓர் ஆணி, தீட்டிய இழைப்புளியின் அலகில் பல்லை விழவைத்துவிடும்.

எவ்வளவு காய்ந்தாலும் மரம் முற்றிலும் அடங்கிவிடுவதில்லை. மழைக்காலக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் இம்மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. அகலவாக்கில் தெரியும். 55 செ.மீ. அகலத் தேக்குப் பலகையில் ஈரம் நான்கு விழுக்காடு மாறினால் மூன்று, நான்கு மில்லிமீட்டர் வரை அகலம் மாறலாம். மேற்பலகையை நான்கு கால்களிலும் அசையவிடாமல் அறைந்துவிட்டால், பருக்க இடமில்லாத பலகை ஒன்று வளையும், அல்லது காலைத் தள்ளும், கோடையில் வெடிக்கும். எனவே முன்புறக் கால்களில் பலகையை இறுக்கமாகப் பொருத்தி, பின்புறத்தில் துளையைச் சற்று நீளமாக வைத்து, விரிவதற்கு வழிவிடுவார்கள். அசையாத மேசைக்குள்ளும் அசைவுக்கு இவ்வளவு இடம் தரவேண்டியிருக்கிறது.

தரையில் பிறக்கும் மேசை

மேசை செய்வதற்கு மேசை வேண்டுமே என்ற கேள்வி இங்கே வந்து நிற்கும். தச்சுமேசை செய்ய இருக்கும் மாணவரிடம் தச்சுமேசை இல்லை. அவருக்கு இப்போது கைகொடுப்பது முன்னர்ச் சொன்ன தரை மரபே. கட்டையைத் தரையில் கிடத்தி, முனையைச் சுவரில் முட்டவைத்து, ஏறி அமர்ந்தோ காலால் அழுத்தியோ துளை செதுக்க வேண்டும். காலின்மேல் உளி பாயாதபடி, காலுக்கு எதிர்த்திசையிலேயே செதுக்க வேண்டும். பத்துச் சென்டிமீட்டர்க் கட்டை தன் எடையாலேயே ஓரளவு நிற்கும் என்பதால் இது முடியாத வேலையன்று. ஆனால் முதல் நாள் முடிவில் முதுகு வலிக்கும். நான்கு நாள்கள் தரையில் குனிந்தபின், மேசை எதற்கு என்ற கேள்வியை அவர் யாரிடமும் கேட்க மாட்டார். பரம்பரைத் தச்சரின் காலைப் பற்றியும் அவர் இன்னும் சற்று மரியாதையோடு பேசுவார்.

காலில் துளை, சட்டத்தின் முனையில் அத்துளைக்குள் புகும் நாக்கு. இப்பொருத்தே மேசையின் உயிர். துளையின் அகலம் கையில் உள்ள உளியின் அகலமாக இருந்தால் வேலை பாதியாகக் குறையும். நாக்கைக் கோட்டுக்கு வெளியே சற்று மிகையாக அறுத்துக்கொண்டு, பிறகு உளியால் சீவிச் சீவிப் பொருத்திப் பார்க்க வேண்டும். கையால் அழுத்தினால் பாதி நுழைந்து, கொட்டாப்புளியின் மெல்லிய தட்டுகளுக்கு மீதியும் நுழைவதே சரியான இறுக்கம். தளர்ந்த பொருத்தைப் பசை காப்பாற்றும் என்று நம்புவது வீண். அடிக்கடி உலுக்கப்படும் மேசையில் பசையால் மட்டும் நிற்கும் இணைப்பு நெடுநாள் நிற்பதில்லை.

பசையும் திருகாணியும் வேண்டாத பழைய உத்தி ஒன்று இன்றும் இதற்குப் போதுமானது. நாக்கைத் துளைக்குள் செலுத்திய பின், இரண்டையும் ஊடுருவி மரமுளை அறைவது வழக்கம். காலில் உள்ள முளைத்துளையும் நாக்கில் உள்ள முளைத்துளையும் ஒரே நேர்க்கோட்டில் அமையாமல், நாக்கிலுள்ள துளை சட்டத்தின் தோளை நோக்கி ஒன்றரை மில்லிமீட்டர் விலகி அமைய வேண்டும். கூம்பாகச் செதுக்கிய முளை அந்த விலகலை ஊடுருவிச் செல்லும்போது நாக்கை உள்ளே இழுக்கிறது. சட்டத்தின் தோள் காலோடு வந்து இறுகுகிறது. முளை இருக்கும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்த கருவேலம் முளைக்கு ஏற்றது. முற்றிய மூங்கிலும் நன்றாக இருக்கும். நுண்ணிய பிழை ஒன்றை வேண்டுமென்றே செய்து, அதனால் வலிமை பெறும் இத்தகைய உத்தி தச்சில் அதிகம் இல்லை.

சட்டகம் நின்றபின் மேற்பலகையைச் சமப்படுத்த வேண்டும். பலகை முறுக்கியிருக்கிறதா என்பதைக் கண்ணால் நேராகப் பார்த்தால் தெரியாது. ஒரே அகலமுள்ள இரண்டு நேர்ச்சட்டங்களைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்காக நிறுத்தி, ஒரு முனையில் குனிந்து, முன்சட்டத்தின் விளிம்புக்கு மேலாகப் பின்சட்டத்தின் விளிம்பைப் பார்க்க வேண்டும். இரு விளிம்புகளும் இணையாகத் தெரிந்தால் பலகை சமம். ஒரு மூலை தூக்கித் தெரிந்தால் அந்த மூலையை இழைக்க வேண்டும். மட்டப்பலகையும் மின்கருவியும் இல்லாமல், இரண்டு குச்சிகளால் ஒரு மில்லிமீட்டர் முறுக்கையும் இப்படிக் கண்டுவிடலாம்.

பிடிப்பதற்கான அமைப்புகள் மூன்று போதும். இடக்கோடியில், ஏற்றி இறக்கும்படி ஒரு தடுப்புக் கட்டை. இழைக்கும் பலகை அதில் முட்டி நிற்கும். முன்காலில், பட்டறைகளில் வைஸ் என்று வழங்கும் இறுக்குப்பிடி. மேற்பலகையில் ஒன்றிரண்டு வட்டத் துளைகள். அவற்றில் வளைந்த இரும்புக் கொக்கியைச் செருகி, தலையில் ஒரு தட்டுத் தட்டினால், அது துளைக்குள் சாய்ந்து இறுகிப் பலகையை அழுத்திப் பிடிக்கும். கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கலாம். இழுப்பறைகளும் கருவித் தட்டுகளும் இல்லாமலே வேலை நடக்கும்.

இடமில்லாத வீடு

ஆறடி மேசைக்கு இடமுள்ள வீடுகள் நகரங்களில் குறைவு. அதற்காக மேசையை மெலிதாக்குவது தவறு. நீளத்தை 120 செ.மீ. ஆகக் குறைக்கலாம், அகலத்தை 45 ஆக்கலாம், தடிமனையும் சட்டங்களின் அகலத்தையும் குறைக்கவே கூடாது. குறைந்த எடைக்கு ஈடாக மேசையைச் சுவரோடு திருகாணியால் பிணைத்துவிட்டால், சுவர் முழுவதும் மேசையின் எடையாகிவிடும். வாடகை வீட்டில் சுவரில் துளையிட உரிமையாளர் ஒப்பமாட்டார் என்றால், கீழ்ச்சட்டங்களின்மேல் பலகை பரப்பி ஒரு மணல் மூட்டையை ஏற்றிவைக்கலாம். அழகாக இராது. ஆனால் ஆடாது. தரையிலிருந்து ஈரமும் கரையானும் ஏறாதபடி, கால்களுக்கு அடியில் கல்வில்லைகள் வைப்பது நன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில், கொட்டாப்புளியின் ஓசை கீழ்வீட்டுக்குக் கேட்கும் என்பதையும் மறக்கக் கூடாது. நண்பகல் உறக்க நேரத்தில் துளை செதுக்குபவர் அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தை இழப்பார்.

மேற்பலகைக்கு வார்னிஷ் பூச வேண்டியதில்லை. வழுக்கும் மேசையில் மரம் நிற்காது. ஆளிவிதை எண்ணெய் ஒருமுறை தடவினால் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

இவ்வளவும் செய்து முடிக்கப் பள்ளி மாணவர் ஒருவருக்கு விடுமுறை நாள்கள் ஒரு மாதமேனும் செல்லும். ஒரு மேசைக்கு ஒரு மாதமா என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை ஔவையார் புறநானூற்றில் அதியமானுக்கு உவமையாக்கினார். எட்டுத் தேர் செய்பவனின் விரைவைக் காட்டிலும், அவன் ஒரு சக்கரத்துக்காக மெதுவாகச் செலவிட்ட மாதமே புலவரின் கண்ணில் பட்டிருக்கிறது.

முடிந்த மேசையின் மேற்பரப்பு அதிக நாள் புதிதாக இராது. முதல் வாரத்திலேயே வாள் சற்றுக் கீழே இறங்கி ஒரு கோடு போடும். உளி துளையைத் தாண்டிக் குத்தும். பசை சிந்தி உறையும். அவற்றுக்காக வருந்த வேண்டியதில்லை. மேற்பரப்பு பள்ளமும் மேடுமானால் இரு குச்சிகளையும் மீண்டும் வைத்துப் பார்த்து, இழைப்புளியால் இரண்டு மில்லிமீட்டர் எடுத்துவிட்டால் மேசை மீண்டும் சமமாகிவிடும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இவ்வாறு இழைத்தாலும் ஐம்பது ஆண்டுகளில் தேய்வது இரண்டு சென்டிமீட்டர்தான். எட்டில் இரண்டு போனாலும், அந்த மாணவரின் பேரப்பிள்ளைகளுக்கு ஆறு சென்டிமீட்டர்ப் பலகை மிஞ்சியிருக்கும்.